அனுமன்தீர்த்தம்

அனுமன்தீர்த்தம் என்பது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில், தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்துள்ள புனித நீராடுமிடம் ஆகும். இங்கு அனுமந்தீசுவரர் கோயில் உள்ளது. அரூர் வட்டத்திலுள்ள தீர்த்தமலைக்குச் செல்வோர் முதலில் இங்கு நீராடுவது மரபு.

தல வரலாறு

இராவண வதத்திற்குப் பின் சிவபூசை செய்ய விரும்பிய இராமர், கங்கை நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினார். அனுமன் வரத் தாமதமானதால் மலையில் அம்பெய்து நீரை வரவழைத்துப் பூசையை முடித்தார். அதுவே தீர்த்தமலையின் இராம தீர்த்தம். பிந்தி வந்த அனுமன் வீசியெறிந்த கங்கை நீர் விழுந்த இடமே அனுமன்தீர்த்தம் என்பது ஐதீகம். பூசைக்கு உதவாமற்போன நீர், இன்று வழிபாட்டின் முதற்படியாக விளங்குகிறது.

வழிபாடு

ஆடிப்பெருக்கு அன்று மக்கள் பெருந்திரளாக இங்கு நீராடுகின்றனர். 2004 பெப்ரவரியில் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டபோது நீராடும் துறை கிருஷ்ணகிரி மாவட்டத்திற்குச் சென்றது; மலை தருமபுரியிலேயே நின்றது. வழிபாட்டு முறை மாறவில்லை.

ஆற்றின் நிலை

தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையையும் பின்னர் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து இங்கு வருகிறது. ஆகவே துறையில் நீர் ஓடுவது மழையை மட்டுமன்றி அணைத் திறப்பையும் சார்ந்தது. பெங்களூரின் கழிவுநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியே இவ்வாற்றை அடைகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கப்படும்போது வெண்ணுரை பொங்கி எழுவது பலமுறை செய்தியாகியுள்ளது. நுரை சிறிது தொலைவில் அடங்கிவிடும். நீரில் கரைந்த மாசுகள் அவ்வாறு அடங்குவதில்லை. எனவே துறையில் நீர் தெளிவாகத் தோன்றுவதை மட்டும் கொண்டு அது தூயது எனக் கூற இயலாது.