பீதி அடங்கிய பின் வரும் மலிவுச் சரக்கு



2020 மார்ச் 13-ல் மத்திய அரசு முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள்களில் சேர்த்தது. 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய் என்று உச்ச விலையும் வைத்தது. சரக்கு பெருகவே, ஜூன் 30-க்குப் பின் அவை அந்தப் பட்டியலில் நீடிக்கவில்லை. 2023 மே 5-ல் கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வாங்கி அடுக்கியவர்களிடம் தேங்கிய சரக்குக்கு வந்த விலைதான் லாபம் என்றாகிவிட்டது. நாளை வேறொரு பீதி வந்து போனாலும் இதே நிலைதான். 'மொத்தமாக எடுத்தால் கால் விலை' என்று சரக்கு நம் கடைவாசலுக்கு வரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 100 ரூபாய்ப் பொருள் 25-க்கு வருகிறது. பீதி போன பின் அது 40-க்குத்தான் விலைபோகும் என்று வைத்துக்கொள்வோம். பாதி தேங்கினால் சராசரியாகக் கைக்கு வருவது 20. பொருளுக்கு 5 ரூபாய் நஷ்டம். கரிசல் காட்டில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பாக்கி வசூலாகும். அதுவரை முதலை முடக்கும் சரக்கு மலிவே அல்ல.

இனி, சரக்கு வாரியாகப் பார்ப்போம்.

சானிடைசர்: காலாவதித் தேதி கடந்ததைத் தொடவே வேண்டாம். பெரும்பகுதி ஆல்கஹால் ஆதலால் சட்டெனத் தீப்பற்றும். தீப்பெட்டிப் பண்டல் அடுக்கிய கிட்டங்கியில் அதற்கு இடமில்லை. ஆந்திரத்தின் குறிச்சேட்டில் 2020 ஜூலை இறுதியில் சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். மலிவாக விற்பது யார் கைக்குப் போகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

காலி கேன்: கழுவிவிட்டுக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஊற்றி விற்கக் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய பிளாஸ்டிக் கலத்தில் சமையல் எண்ணெய் அடைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன.

முகக்கவசம்: காதுப் பட்டையை இழுத்துப் பாருங்கள், இற்றுப்போயிருந்தால் விட்டுவிடுங்கள். உறை பிரியாத நல்ல சரக்கு, வத்தல், மல்லி மூட்டை புடைத்துக் கட்டும் வேலையாட்களுக்குத் தூசி மறைப்பாக உதவும்.

ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர்: பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்திருக்கும். காட்டும் அளவை நம்ப முடியாது. மளிகைக் கடைக்கு இவை வேண்டாம்.

தெளிப்பான், தார்ப்பாய்: இவை வாங்கத் தகுந்தவை. பிளீச்சிங் கரைசல் ஊற்றிய தெளிப்பானில் உலோகப் பாகம் அரித்திருக்கிறதா என்று பார்த்து, தண்ணீர் நிரப்பி அடித்துச் சோதியுங்கள். வாஷர் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மருந்தடிக்கும் காலத்தில் சம்சாரிகள் தேடி வருவார்கள்.

எதுவானாலும் பில் இல்லாமல் எடுக்க வேண்டாம். பீதி இல்லாத நாளிலும் நம் வாடிக்கையாளர் கேட்கும் பொருளா என்று பார்ப்போம். ஆம் என்றால் மட்டும் விலை பேசுவோம்.