குளிர்விக்கத் தண்ணீர், சுவாசிக்கக் காற்று

ஹைதராபாத் இன்ஃபோசிஸ் வளாகத்தில் 2011 முதல் இயங்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தை நடுவில் கோடு கிழித்ததுபோல் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இரு பாதிகளுக்கும் அளவு ஒன்று, சுவர் ஒன்று, சன்னல் ஒன்று. ஒரு பாதியில் வழக்கமான மத்திய ஏசி. அதுவும் சிக்கனமாக வடிவமைத்ததுதான். மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் குளிர்ந்த தண்ணீர் ஓடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில், தண்ணீர் ஓடிய பாதி 34 சதவீதம் குறைவான மின்சாரத்தில் குளிர்ந்தது. அமைக்கும் செலவும் கூடவில்லை. இப்படி நேருக்கு நேர் நிறுத்தி அளந்த சான்று அரிது.

வழக்கமான ஏசியில் காற்றுக்கு இரண்டு வேலை. நாம் மூச்சு விடவும் அதுதான், அறையின் சூட்டை அள்ளிப்போகவும் அதுதான். மூச்சுக்குக் கொஞ்சம் காற்று போதும். சூட்டை அள்ள ஏராளமாக வேண்டும். ஒரே கொள்ளளவில் தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். அதனால்தான் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் அத்தனை பெரிய டக்டுகள், ஓயாமல் சுழலும் ராட்சத விசிறிகள். டக்டில் காற்றோட்டத்தைப் பாதியாக்கினால் விசிறி இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். சூட்டைச் சுமக்கும் வேலையைத் தண்ணீருக்கு மாற்றியதும் கிடைக்கும் முதல் மிச்சம் இது. அடுத்த மிச்சம், தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரில். வழக்கமான முறைக்கு 7 டிகிரி செல்சியஸ் அளவில் தண்ணீர் வேண்டும். தளத்துக்கு 15 டிகிரியை ஒட்டி இருந்தாலே போதும்.

கோடை இரவில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் படுத்தவர்களுக்கு, மின்விசிறி சுற்றினாலும் தலைக்கு மேல் கான்கிரீட் அனல் கக்குவது தெரியும். இங்கே நடப்பது அதன் தலைகீழ். தளம் குளிர்ந்திருந்தால் உடலின் சூட்டை அது நேரடியாக வாங்கிக்கொள்கிறது. காற்று 26 டிகிரியில் இருந்தாலும் இதமாக இருக்கும். அலுவலகத்தில் சால்வை போர்த்தி உட்கார வேண்டியதில்லை.

சென்னை போன்ற கடலோர ஊரில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். இங்கே பல மாதங்களில் காற்றின் ஈரம், 24 டிகிரி மேற்பரப்பிலேயே துளியாகப் படிந்துவிடும். சும்மா குழாயைப் பதித்தால் கூரை வியர்த்துச் சொட்டும். ஆகவே மூச்சுக்கான வெளிக்காற்றைத் தனி இயந்திரத்தில் உலர்த்தித்தான் உள்ளே விட வேண்டும். வெளியேறும் குளிர்ந்த காற்றை வைத்தே, உள்ளே வரும் காற்றின் சூட்டையும் ஈரத்தையும் குறைக்கும் சுழல்சக்கரத்தை அதில் பொருத்தலாம். சன்னலைத் திறந்துவைக்க முடியாது என்பது உண்மையான குறை. ஆனால் அறைக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடாமல் வெளிக்காற்றை மட்டுமே தருவது, கரோனாவைக் கண்ட நமக்குப் பெரிய லாபம்.

தளம் உறிஞ்சும் சூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. மேற்கு வெயிலை முகத்தில் வாங்கும் முழுக் கண்ணாடிச் சுவருக்குள் இது தோற்றுப்போகும். சன்னலைச் சுருக்கி, அதற்கு மேல் நிழல்தட்டு வைத்து, கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட்ட பிறகே குழாயைப் பற்றிப் பேச வேண்டும். ஏற்கெனவே கட்டி முடித்த அலுவலகங்கள் கூரையில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் பலகைகளைத் தொங்கவிடலாம். அதற்கும் வழியில்லையென்றால் ஏசியின் வெப்பநிலை அளவை ஏற்றிவைக்கலாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. புதிதாகக் கட்டுபவர்களோ கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பே முடிவெடுத்தாக வேண்டும். வரைபடம் போடும் நாளிலேயே கட்டடக்கலைஞரும் ஏசி பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.