அருகுலா: கடுகுக்குத் தங்கச்சி

பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் அருகுலா கீரையை முதன்முதலாகச் சாப்பிட்டேன். முள்ளங்கி மாதிரி ஒரு காரம், நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரு பிடி இலைக்குக் கொடுத்த காசில் நம்ம ஊரில் பத்துக் கட்டு அரைக்கீரை வாங்கலாம். ‘நாமே போட்டா என்ன?’ என்று விதைப் பொட்டலத்தோடு ஊர் திரும்பினேன்.

சித்திரையில் விதைத்தேன். நாலாம் நாள் முளைத்தது. ஐந்தாவது வாரம் தண்டு நீண்டு பூத்துவிட்டது. இலையோ ஒரே கசப்பு. “இதுக்கு முருங்கைக்கீரையே போதும்”னு வீட்டம்மா சொல்லிட்டாங்க.

தப்பு செடியில் இல்லை, பட்டத்தில். அருகுலா கடுகுக் குடும்பத்துச் செடி. ராஜஸ்தான், ஹரியானா பக்கம் இதே இனத்தைத் தாராமிரா என்ற பெயரில் எண்ணெய் வித்தாகக் குளிர்காலத்தில் விதைக்கிறார்கள். கடுகு மாதிரியே இதற்கும் குளிர்ச்சி வேண்டும். வெயில் ஏறினால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும்.

நம் சமவெளிக்குக் கனமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசி முதல் தை வரை விதைக்கலாம். அரை அடி ஆழமுள்ள தொட்டியோ பழைய டப்பாவோ போதும். அடியில் ஓட்டை இருக்கணும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்கு மட்கிய தொழுவுரம், ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு. விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். காலை வெயிலும் மதிய நிழலும் கிடைக்கும் இடம் நல்லது. நெருக்கமாக முளைத்ததைக் களைந்து அப்படியே சாப்பிடலாம். 30 நாளில் வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்கள். குருத்தை விட்டால் மறுபடி தழையும். 15 நாளுக்கு ஒரு தொட்டி விதைத்தால் மாசி வரை இலை கிடைக்கும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. மற்ற கீரையை வேகவைப்போம், இதைப் பச்சையாகத் தின்போம். அதனால் ஜீவாமிர்தம், அமுதக்கரைசல் எதையும் இலை மேல் தெளிக்கக் கூடாது. பச்சைச் சாணமும் வேண்டாம். அதிலுள்ள கிருமி நேராக வயிற்றுக்குப் போகும். மட்கிய உரம் போதும். இலையை ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை போடும் சின்ன வண்டு வரும். வேப்பெண்ணெய் அடித்தால் இலையே கசக்கும். விதைத்த அன்றே பழைய கொசுவலையைப் போர்த்துவதுதான் சுலபம்.

கடைசித் தொட்டியில் ஏழெட்டுச் செடிகளைப் பூக்க விடுங்கள், அப்போது வலையை எடுத்துவிடுங்கள். ஒரே செடி தனியாக நின்றால் சரியாகக் காய் பிடிக்காது. தேனீ செடிக்குச் செடி போய் வரணும். காய் வைக்கோல் நிறமானதும் அறுத்து நிழலில் உலர்த்தித் தட்டினால் அடுத்த வருஷத்துக்கு விதை உங்கள் கையில்.

விலையைப் பார்த்து உடனே பத்து சென்ட்டில் போட்டுவிடாதீர்கள். பறித்த சில மணி நேரத்தில் வாடும் இலை இது. வங்கியில் இருந்தபோது ‘விளைந்ததை எங்கே விற்பீங்க?’ என்று கேட்காமல் நான் எந்தக் கடனுக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. முதலில் நம் வீட்டுத் தட்டுக்கு விளையட்டும்.

போன மார்கழியில் தயிர்ப் பச்சடியில் நறுக்கிப் போட்டேன். வீட்டம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாங்க.