அத்தையின் பாட்டும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும்

கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஹனூர். 1956 நவம்பர் வரை கொள்ளேகாலம் தாலுகா கோவை மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. என் தாத்தா அந்தியூரிலிருந்து இங்கு வந்து குடியேறியவர். எங்கள் அத்தைக்கு நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று நாற்பதுக்கு மேல் தெரியும். அவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பத்துக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றை ஒழித்து, ஒரு கம்ப்யூட்டரும் நல்ல மைக்கும் வாங்கினேன். அத்தை பாட, மருமகன் டோலக் வாசித்தான். பதிவானதைக் கேட்டுச் சரிசெய்ய வீட்டில் இருந்த மியூசிக் சிஸ்டமே போதும் என்று நினைத்தேன். தப்பு அங்கேதான் நடந்தது.

வேலை முடிந்ததும் பாட்டுகளை உறவினர் எல்லோருக்கும் அனுப்பினேன். அத்தையும் பேரனின் போனில் கேட்டார். "என்ன கண்ணு, ராகம் கேக்குது, வார்த்தையே வெளங்கலயே!" என்றார். காரில் போட்டால் டோலக் தகர டப்பா மாதிரி ஒலித்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. வீட்டு ஸ்பீக்கர்கள் கேட்பவரைக் குஷிப்படுத்தவே செய்யப்படுகின்றன. கீச்சொலியையும் அடியொலியையும் கூட்டிக் காட்டும். அத்தையின் 'ச'வும் 'த'வும் அதில் குத்தின. நான் அவற்றை மழுக்கிவிட்டேன். ஸ்பீக்கர்களை அறை மூலையில் வைத்திருந்ததால் டோலக்கின் அடியொலி மேலும் பெருகிக் கேட்டது, அதையும் குறைத்துவிட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஸ்பீக்கரையே ஒலிப்பதிவுக் கூடத்தார் 'மானிட்டர்' என்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகெங்கும் ஸ்டூடியோக்களில் பேர்பெற்ற யமஹா என்.எஸ்.10, 1978இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்தது. வீடுகளில் எடுபடவில்லை. வெள்ளைக் காகிதக் கூம்பு வைத்த அந்தப் பெட்டியை ஸ்டூடியோக்காரர்கள் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். கீச்சொலி காதைக் குத்துகிறது என்று ட்வீட்டர் மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டியவர்களும் உண்டு! அதன் பெட்டி முழுக்க மூடியது. அதனால் ஒலி இழுபடாமல் சட்டென்று நிற்கும். பதிவில் உள்ள குறை அப்பட்டமாகத் தெரியும். 2001இல் உற்பத்தி நின்றது. 2008இல் இதற்காக யமஹாவுக்குத் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது.

நான் அதைத் தேடி ஓடவில்லை. மைசூருக்குப் போய், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அடங்கிய, ஐந்தங்குல வூஃபர் கொண்ட ஜோடி ஒன்றை வாங்கினேன். எட்டங்குலம் ஆசை காட்டியது. என் அறைக்கு அது அதிகம். கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சத்தம் கொஞ்சம் கூடியதுதான் நல்லதென்று காது ஏமாந்துவிடும். கடைக்காரரின் பாட்டு வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டையே போடச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரை வைக்கும் இடமும் பாதி விலைக்குச் சமம். இரண்டும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமைய வேண்டும்; ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். பின்சுவர் ஸ்பீக்கர் முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியை அமுக்கிவிடும். டோலக்கின் அடியொலி இருக்கும் பக்கம் அது. நான் சுவரை ஒட்டினாற்போல் வைத்து, பின்னாலுள்ள சுவிட்சில் அடியொலியைக் குறைத்தேன். பக்கச் சுவர்களில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாத்தினேன். வீட்டில் சிரித்தார்கள், எதிரொலி அடங்கியது.

இன்னொன்று. சத்தம் குறைந்தால் அடியொலி காதுக்கு மட்டுப்படும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டியது இது. ஆகவே வால்யூம் குமிழில் ஒரு கோடு கிழித்து, எப்போதும் அதே அளவில் கேட்கிறேன்.

இதற்குள் அத்தைக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. மறுபடி பாட இயலாது. நல்லவேளை, மழுக்காத மூலப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒரு மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாகச் சரிசெய்தேன்.

போன வாரம் அதே போனில் போட்டுக் காட்டினேன். மூன்றாவது பாட்டில் நிறுத்தச் சொன்னார். "இங்க ஒரு வார்த்தையத் தப்பாப் பாடிட்டேன் கண்ணு. இப்ப நல்லாக் கேக்குது. எடுத்துரு."

அதை மட்டும் நான் இன்னும் தொடவில்லை.