பன்றியைச் சுட ரைஃபிள் வாங்கலாமா?

மல்லாட்டை காய் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கினால், ஒரே ராத்திரியில் கொல்லையை உழுது போட்டுவிடும். கரும்பும் மக்காச்சோளமும் தப்பாது. ‘நல்ல ரைஃபிளாக ஒன்று வாங்கி, பரண்மேல் இருந்து தூரத்திலேயே சுட்டுவிட்டால் என்ன?’ என்று திருவதிகை, நெய்வேலி பக்கத்து விவசாயிக்குத் தோன்றினால் அதில் ஆச்சர்யமில்லை.

நம் நாட்டில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் போல்ட் ரைஃபிள் பெரும்பாலும் .315 ரகம்தான். மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது. பட்டாளத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று வெள்ளைக்காரர் காலத்தில் புழக்கத்துக்கு வந்த அளவு அது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும்.

பயிர்க் காவலுக்கு இது பொருந்தாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று குறிப்பிடுவது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ரைஃபிள் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். மலைச்சரிவில் மண்ணே தடுப்பு. கெடிலக்கரைச் சமவெளியில் பன்றிக்குப் பின்னால் இருப்பது அடுத்தவர் கொல்லை. அங்கே ராத்திரி கரன்டுக்குக் காத்திருந்து தண்ணீர் கட்டும் ஆள் நிற்பார்.

துப்பாக்கி உரிமம் இருந்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. அனுமதியின்றிக் கொன்றால் வழக்கு, சிறை. அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடி மின்சாரம் விடுவதும் இதைவிட மோசம். விடியற்காலையில் புல் அறுக்க வருகிறவர்தான் அதில் சிக்குவார்.

சட்டப்படி வழி இருக்கிறது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ., வனத்துறை ஊழியர் அடங்கிய கிராமக் குழு வழியாகத்தான் இது நடக்கும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று வனச்சரக அலுவலகத்தில் தெரிந்துகொள்வது. சேதமான அன்றே, கால்தடத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். சர்வே எண், பயிர், சேதமான பரப்பு ஆகியவற்றை எழுதி வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். இழப்பீடு கேட்கவும் அதே நகல் வேண்டும்.