ஒரு கேமராவும் இரண்டு பலகைகளும்

நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 பாகை வடக்கே அமைந்த கோயம்புத்தூரில் துருவ விண்மீனும் தொடுவானத்துக்கு மேல் அதே 11 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே அங்கே வானத் துருவத்தின் உயரம். ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் துருவ விண்மீனைப் பார்த்துக் கருவியைக் குறிவைக்கச் சொல்லி விண்மீன் ஒளிப்படப் பாடத்தைத் தொடங்குகின்றன. கொங்குச் சமவெளியிலோ அது புழுதிக்கும் நகர வெளிச்சத்துக்கும் நடுவே மங்கிக் கிடக்கிறது. மேட்டுப்பாளையம் போன்ற அடிவார ஊர்களில் நீலகிரிச் சரிவே அதை மறைத்துவிடக்கூடும். தொடங்குபவர் பலரைத் தயங்க வைக்கும் இந்தக் குறைக்கு ஈடாக, வடக்கே வெகுதொலைவில் இருப்போர் பார்க்கவே முடியாத தென்வானம் கோவைக்குக் கிடைத்திருக்கிறது.

தொடங்குவதற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. அது விண்மீனைப் பெரிதாக்குவதோடு கருவியின் சிறு ஆட்டத்தையும் பெரிதாக்கும் என்பதால் முதல் ஆண்டில் இடைஞ்சலே. பழையதாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா, அதனுடன் வரும் 18–55 மி.மீ. லென்ஸ், ஆடாத முக்காலி, கை படாமல் ஷட்டரைத் திறக்க ஒரு ரிமோட் ஆகியவை போதும். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து, உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ.வை 1600-இல் வைத்து, கேமரா தன் போக்கில் திருத்தாத மூலக்கோப்பாகப் படத்தைப் பதிவது பொது வழக்கம். குவியத்தைப் பொறுத்தவரை லென்ஸில் அச்சிட்ட முடிவிலிக் குறியை நம்பக் கூடாது. ஒளிமிக்க ஒரு விண்மீனைத் திரையில் பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகச் சுருங்கும் வரை வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, அந்த இடத்திலேயே டேப் ஒட்டி நிறுத்திவிட வேண்டும்.

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம் என்பதற்கு ‘500 விதி’ என்றொரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத் தொலைவையும், சிறிய உணரி கொண்ட கேமராவுக்கான 1.5 என்ற காரணியையும் பெருக்கி, அதனால் 500-ஐ வகுத்தால் 18 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 18 விநாடி வருகிறது. பூமி சுழல்வதால் வானம் விநாடிக்கு 15 வில்விநாடி, அதாவது ஒரு பாகையின் 3600 கூறுகளில் 15 கூறு நகர்கிறது. அந்த லென்ஸில் 4 மைக்ரான் அகலமுள்ள ஒரு படப்புள்ளி 46 வில்விநாடியைத்தான் அடக்கும் என்பதால், 18 விநாடிக்குள் விண்மீன் ஆறு படப்புள்ளிகள் நீளத்துக்குக் கோடாக இழுபட்டுவிடும். பிலிம் காலத்துக்குப் பொருந்திய விதி இன்றைய உணரிக்குத் தாராளம்தான். மேலும், இந்த நகர்வு நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே செல்லும் வான நடுவரையில்தான் மிகுதி. கோவையில் அந்த நடுவரை உச்சிக்கு 11 பாகை தெற்கே, தொடங்குபவர் முதலில் குறிவைக்கும் ஓரியன் விண்மீன் குழு வழியாகவே செல்கிறது. எட்டு விநாடியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

அதற்கு மேல் வேண்டுமானால் கேமரா வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டும். இந்தத் தத்துவத்தின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு மலைமேல் உதகைக்கு அருகில் முத்தோரையில் இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அமைத்து 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது வடக்கு தெற்காக, அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 பாகை சாய்ந்த இயற்கைச் சரிவில் கட்டப்பட்டிருக்கிறது. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட, அந்த ஓர் அச்சைச் சுற்றித் திருப்பினாலே ஒரு வான்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடர முடிகிறது.

இதையே இரண்டு பலகைகளைக் கொண்டு மொட்டைமாடியில் செய்துவிடலாம். பலகைகளை ஓரத்தில் கீல் வைத்து இணைத்து, கீலின் அச்சிலிருந்து 228.6 மி.மீ. தள்ளி, கீழ்ப்பலகையில் பதித்த நட்டின் வழியே எம் 6 அளவுள்ள மரையிட்ட கம்பி ஒன்று, கேமராவைத் தாங்கும் மேல்பலகையைத் தள்ளும்படி அமைக்க வேண்டும். அந்தக் கம்பியின் மரை சுற்றுக்கு 1 மி.மீ. ஏறுவதால், நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் பலகை விண்மீன்களின் வேகத்திலேயே, அதாவது நிமிடத்துக்குக் கால் பாகை விரிகிறது. கணபதியிலோ பீளமேட்டிலோ எந்த லேத் பட்டறையிலும் திரெட் ராடு என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கையால் திருப்பினாலே 18 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிடப் படம் புள்ளி மாறாமல் வரும். கீல் மேற்குப் பக்கம் இருக்க, கிழக்கு விளிம்பு மேலெழ வேண்டும். கீலின் வடமுனையை 11 பாகை உயர்த்த, 30 செ.மீ. நீளத்துக்கு 5.8 செ.மீ. உயரும் மர ஆப்பு போதும். துருவ விண்மீன் தெரியாவிட்டாலும் கவலையில்லை. கோவைப் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2 பாகைதான் என்பதால், அகன்ற லென்ஸுக்குத் திசைகாட்டியே கைகொடுக்கிறது.

படமெடுத்த பின் நடப்பதே பாதி வேலை. ஒற்றைப் படத்தில் மங்கலான ஒளியோடு ஒழுங்கற்ற பொரிப்பொரியான இரைச்சலும் கலந்திருக்கும். ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து, சிரில், டீப்ஸ்கைஸ்டேக்கர் போன்ற இலவச மென்பொருள்களில் அடுக்கினால், 16 படத்துக்கு ஒளி–இரைச்சல் விகிதம் நான்கு மடங்கும் 100 படத்துக்குப் பத்து மடங்கும் உயர்கிறது. வெப்பநிலை ஆறு முதல் எட்டு பாகை செல்சியஸ் ஏறும்போதெல்லாம் உணரியின் வெப்ப மின்னோட்டம் இரட்டிப்பதால், குளிர்நாட்டார் விட்டுவிடக்கூடிய ஒரு படியைக் கொங்குநாட்டார் விடவே கூடாது: அதே இரவில், அதே கால அளவில், லென்ஸை மூடியபடி இருபது ‘இருட்டுப் படங்கள்’ எடுத்து, அவற்றின் சராசரியைக் கழித்துவிட வேண்டும்.

ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவமேகமும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் வானை மூடிவிடுவதால் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அறுவடைக் காலம். நகரத்து எல்இடி விளக்குகள் எல்லா நிறத்தையும் வீசுவதால், சோடியம் விளக்குக் காலத்து வெளிச்சத் தடுப்பு வடிகட்டிகள் இன்று பெரிதாகப் பயன்படுவதில்லை. அந்தப் பணத்தை இருண்ட இடத்துக்குச் செல்லும் பேருந்துக்குச் செலவிடுவது மேல். ஆனைமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் மனம் தாவும். ஆனால் யானை நடமாடும் காட்டோரத்தில் விளக்கணைத்து நிற்பதோ, இரவுத் தடையுள்ள சாலையில் காத்திருப்பதோ அறிவுடைமை அல்ல. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில், கிளுவை வேலிக்குள் உரிமையாளர் அனுமதியோடு முக்காலியை ஊன்றினால் தொடுவானம் வரை தடையின்றித் தெரியும்.

ஜனவரி முன்னிரவில் திருவாதிரையின் செம்மையும் ஓரியன் நெபுலாவும் ஒரே சட்டத்தில் அடங்கும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி, சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறத்தாழ ஒரு கோடி விண்மீன்கள் திரண்ட ஒமேகா செண்டாரி என்னும் கோளக்கொத்து தெற்கே 31 பாகை உயரத்துக்கு ஏறுகிறது; லண்டனில் அது உதிப்பதே இல்லை. 50 மி.மீ. லென்ஸிலேயே அது பஞ்சுருண்டையாகப் பதியும். தென்சிலுவையின் நடுப்பகுதியோ உச்சத்திலும் 19 பாகையைத் தாண்டாததால், தொடுவானப் புழுதிக்கு மேலே நிற்கும் சில மணி நேரத்துக்குள் அதை எடுத்து முடித்துவிட்டு, அதன் பிறகு ஒமேகாவுக்குத் திரும்புவதே சரியான வரிசை.