எதிர்காற்றின் கணக்கு

லண்டனிலிருந்து நியூயார்க் போக விமானத்தில் சுமார் எட்டு மணி நேரம். திரும்பி வர ஏழுதான். “பூமி கிழக்கு நோக்கிச் சுற்றுகிறதே, மேற்கே போகிறவருக்கு ஊர் தானாக எதிரே வர வேண்டாமா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். வராது. பூமியோடு காற்றும் சேர்ந்தே சுற்றுகிறது. வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம்: பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் காற்று.

2020 பிப்ரவரியில் சியாரா புயல் சமயம், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஒலியை முந்திவிட்டதா என்று பரபரப்பு. அதெல்லாம் இல்லை.

ஓடும் ரயிலில் டீ விற்பவரைப் பாருங்கள். இன்ஜின் பக்கமாக 4 கி.மீ. வேகத்தில் நடக்கிறார், ரயில் 100-இல் ஓடுகிறது. லெவல் கிராசிங்கில் நிற்பவருக்கு அவர் 104-இல் பறக்கிறார். அவருக்கோ மூச்சு வாங்கவில்லை. விமானத்தையும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதில்லை, சுமந்துகொண்டு போகிறது. இறக்கைக்குத் தெரிவது சுற்றியுள்ள காற்றில் அது போகும் 900 கி.மீ. மட்டுமே. ஒலியும் அதே ரயிலில் ஏறிய பயணிதான். டீக்காரர் அதை முந்தவே இல்லை. அவர் பக்கத்துத் தண்டவாளத்தில் வேறு வேகத்தில் ஓடும் ரயிலுக்குத் தாவினால்? டீ கொட்டும். ஜெட் ஸ்ட்ரீமின் விளிம்பில் காற்று வேகம் சட்டென மாறுமிடத்தில், மேகமே இல்லாத வானத்திலும் விமானம் குலுங்குவது அதனால்தான். உவமையை இதற்கு மேல் இழுத்தால் ரயில் நின்றுவிடும்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1920களில் ஜப்பானின் தடெனோவில் வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓயிஷி பலூன் விட்டு இந்தக் காற்றை அளந்தார். அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் எழுதினார், வெளியுலகில் சீந்துவாரில்லை. 1944-இல் ஜப்பான் மீது பறந்த பி-29 விமானங்களின் குண்டுகள் குறி தவறியபோதுதான் அமெரிக்கர்களுக்கு உறைத்தது.

இந்தக் காற்று பிறப்பது எப்படி? தெற்கே சூடு, வடக்கே குளிர். வடக்கே கிளம்பும் காற்றைப் பூமியின் சுழற்சி கிழக்கே திருப்பிவிடுகிறது. ஆக, வாசகர் சொன்ன சுழற்சி கொல்லைப்புற வழியாக உள்ளே வருகிறது. உதவி மட்டும் அவர் நினைத்ததற்கு நேரெதிர்த் திசையில்.

போகும்போது விட்டதை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். முடியாது. தூரம் சுமார் 5,540 கி.மீ. ஏறி இறங்கும் நேரத்தை விட்டுவிடுவோம். காற்றே இல்லாவிட்டால் அதே 900 கி.மீ. வேகத்தில் போய்வர 12 மணி 19 நிமிடம். வழி முழுக்க 150 கி.மீ. வேகத்தில் மேல்காற்று வீசினால் கிழக்கே 5 மணி 17 நிமிடம், மேற்கே 7 மணி 23. கூட்டினால் 12 மணி 40. இருபத்தொரு நிமிடம் நஷ்டம்! உதவும் காற்றில் கொஞ்ச நேரமே இருக்கிறோம், எதிர்க்கும் காற்றில் நெடுநேரம் மாட்டிக்கொள்கிறோம்.

அதனால் வழியையே மாற்றுகிறார்கள். அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் உள்ள ஷான்விக், காண்டர் கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்துத் தினமும் புதிதாகத் தடங்கள் வகுக்கின்றன. கிழக்கே வருபவை ஜெட் ஸ்ட்ரீமில் ஏறிக்கொள்ளும். மேற்கே போகிறவை அதற்கு ஒதுங்கி, சில நாள் கிரீன்லாந்துப் பக்கம் வரைகூடச் சுற்றிப் போகும். தூரம் கூடும், நேரம் குறையும். இணையத்தில் தேடினால் வரும் அந்த 5,540-ஐ விமானிகள் அச்சு மாறாமல் பறப்பது அபூர்வம்.